ரேஷன் அரிசி எந்த வருடம் பெண்கள் கணக்கில் சேர்ந்தது?

2024-25 மத்திய பட்ஜெட்டின் 'பாலின பட்ஜெட்' அறிக்கையில், பெண்களுக்கான ஒதுக்கீடு என்று காட்டப்பட்ட தொகை சுமார் 3.27 லட்சம் கோடி ரூபாய். மொத்த பட்ஜெட்டில் 6.8 சதவீதம். அடுத்த ஆண்டு, 2025-26இல், அது 4.49 லட்சம் கோடி, அதாவது 8.86 சதவீதம் ஆனது. ஒரே வருடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கோடிக்கு மேல் கூடியிருக்கிறது.

இவ்வளவு பணம் திடீரென்று எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டு 12 அமைச்சகங்களும் துறைகளும் இந்தக் கணக்குக்குள் புதிதாக வந்தன. ரயில்வே, மீன்வளம், உணவு மற்றும் பொது விநியோகம் எல்லாம் அதில் உண்டு. ரேஷன் கடையில் முந்தைய வருடமும் அரிசி போட்டார்கள்தான். அப்போது அது பெண்கள் கணக்கில் ஏறவில்லை, இப்போது அதில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. ஆக, கூடியதில் ஒரு பகுதி புதுப் பணமே இல்லை, பழைய பணத்தைப் புதிதாக எண்ணியதால் வந்தது.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ரேஷன் அரிசியில் பெண்களுக்குப் பங்கு இருப்பது உண்மைதானே? இந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் அதைப் பார்த்துக் கைதட்டுவதிலும் பயனில்லை, திட்டுவதிலும் பயனில்லை என்பதுதான் விஷயம்.

'பாலின பட்ஜெட்' என்றதும் பெண்களுக்குத் தனியாக ஒரு பட்ஜெட் போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பட்ஜெட் ஒன்றுதான். அதன் ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த ரூபாய் யார் கைக்குப் போகிறது, யாருடைய வேலையைக் குறைக்கிறது?

குடிநீர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அந்த வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். (2019இல் இது 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடமும் ஆண்களுக்கு ஒன்பது நிமிடமும் குறைந்திருக்கிறது, இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.) வீட்டுக்குள் குழாய் வந்தால் குறைவதும் பெரும்பாலும் பெண்களின் வேலைதான். ஆனால் நிதித்துறைக் கோப்பில் இத்தனை கிலோமீட்டர் குழாய், இத்தனை கோடி என்று மட்டுமே இருக்கும். குழாய்க்கு ஒதுக்கிய பணத்தை வெட்டினாலும் கோப்பைப் பொறுத்தவரை அது மிச்சம்தான். அந்த வேலை மட்டும் எங்கேயும் போய்விடாது. யாரோ ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு அதைச் செய்துவிடுகிறாள். அவள் நேரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் விலை எழுதப்படுவதில்லை. பாலின பட்ஜெட் பிறந்ததே இந்த எழுதாத விலையைக் கணக்கில் கொண்டுவரத்தான்.

முதலில் செய்து பார்த்த நாடு ஆஸ்திரேலியா. 1984இல், பாப் ஹாக் பிரதமராக இருந்தபோது. இந்தியாவில் ஏழாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பெண்களுக்குப் பயன்தரும் 27 திட்டங்களைத் தனியே கண்காணித்தார்கள். ஒன்பதாவது திட்டத்தில் (1997-2002) பெண்கள் தொடர்பான துறைகளின் நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்குப் போக வேண்டும் என்றார்கள். 2005-06 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் முதல் தனி அறிக்கையை வைத்தார்: 10 மானியக் கோரிக்கைகள் (துறைகள் தங்கள் செலவுக்காக நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைகள்), 14,379 கோடி ரூபாய்.

சரி, இப்போது அந்த அறிக்கை எப்படி நிரப்பப்படுகிறது? முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில் வரும். 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இரண்டாம் பகுதியில். 30 சதவீதத்துக்கும் கீழே உள்ளவற்றுக்கு மூன்றாவதாக ஒரு பகுதியை 2024-25இல்தான் சேர்த்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் முதல் பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் முழுத் தொகையும் அங்கே ஏறுகிறது. சில வருடங்களில் முதல் பகுதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு திட்டம்தான். காரணம், வீடு பெண் பெயரிலோ கணவன் மனைவி கூட்டாகவோ பதிவாகிறது. பட்டாவில் பெண் பெயர் இருப்பது சாதாரண விஷயமில்லை, சண்டை வந்தால் வெளியே துரத்த முடியாது. ஆனாலும் ஒரு குடும்பமே வாழும் வீட்டை நூற்றுக்கு நூறு பெண்ணுக்கானது என்று எழுதுவது கொஞ்சம் அதிகம். சமையல் எரிவாயு இணைப்பும் இப்படித்தான். அடுப்புப் புகையிலிருந்து தப்பிப்பது அவள், சாப்பிடுவது எல்லோரும்.

நூறு நாள் வேலையில் சிக்கல் வேறு மாதிரி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று. களத்திலோ நாடு முழுக்கப் பாதிக்கும் மேல் பெண்கள், தமிழ்நாட்டில் பத்தில் எட்டுக்கும் மேல். சட்டத்தைப் பார்த்து எழுதினால் ஒரு தொகை வரும், வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் இன்னொன்று வரும். வீட்டுத் திட்டத்தில் கூட்டியும் இங்கே குறைத்தும் எழுத அதே படிவம் இடம் கொடுக்கிறது. 30 என்ற எல்லைக் கோட்டுக்கும் ஒரு பக்க விளைவு உண்டு. உண்மையான விகிதம் தெரியாத துறைக்கு 30 சதவீதம் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம்.

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ஒரு சேவைக்கு ஆளொருவருக்கு ஆகும் அரசு செலவைக் கண்டுபிடித்து, பயன்படுத்தும் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு ஆண்டுச் செலவு 10 கோடி, வருவோரில் 60 சதவீதம் பெண்கள் என்றால், பெண்களுக்குப் போனது 6 கோடி. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வந்தவர் ஆணா பெண்ணா என்று பதிவேட்டில் இருக்க வேண்டும், அது மேலே வரை தொகுக்கப்பட்டிருக்கவும் வேண்டும். பல இடங்களில் கணக்கு நின்றுபோவது இங்கேதான். யார் பயன்படுத்தினார்கள் என்று எண்ண முடியாத பாலத்துக்கும் தெருவிளக்குக்கும் இந்த வழியும் உதவாது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் நடந்தது. காசு வாங்குவதில்லை, ஆனால் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். காசே இல்லாத பயணத்துக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டவர்கள் உண்டு. போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்ட வேண்டிய தொகைக்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம். அது போக, எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

செலவுப் பக்கத்தையே பேசிக்கொண்டிருந்தால் வரிப் பக்கம் கண்ணில் படாமல் போய்விடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வளையலுக்கும் குங்குமத்துக்கும் வரி இல்லை, சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். ஒரு வருடம் எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2018 ஜூலையில் அதை நீக்கினார்கள். அதிலும் ஒரு முடிச்சு. பொருளுக்கு விலக்கு கொடுத்துவிட்டால், தயாரிப்பாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது விலைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் வரி 12 குறைந்தாலும் விலை 12 குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், ஒதுக்கியது எல்லாம் செலவாவதும் இல்லை. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், பெண்களின் பாதுகாப்புக்காக 2013 பட்ஜெட்டில் 1,000 கோடியுடன் அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதியில், முதல் சில ஆண்டுகள் பெரும்பகுதி தொடப்படாமலே கிடந்தது.

என்னைக் கேட்டால், இந்தியாவின் பெரிய குறை எண்ணும் முறைகூட இல்லை, எண்ணும் நேரம். எதற்கு எவ்வளவு என்று தீர்மானித்த பிறகுதான் அதில் பெண்களுக்கு எவ்வளவு என்று படிவம் நிரப்பப்படுகிறது. முன்பே கேட்டிருந்தால் தீர்மானமே மாறியிருக்கலாம். உகாண்டாவில் 2015ஆம் ஆண்டு நிதி மேலாண்மைச் சட்டப்படி, அமைச்சகங்களின் பட்ஜெட் பாலினத்தையும் சமத்துவத்தையும் கருத்தில் கொண்டதற்குச் சான்றிதழ் வேண்டும். சம வாய்ப்பு ஆணையத்தைக் கலந்தே நிதியமைச்சர் அதைத் தருகிறார். ஆஸ்திரியா இதை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. அங்கே 2013 முதல் பட்ஜெட்டின் ஒவ்வொரு பிரிவும் அதிகபட்சம் ஐந்து இலக்குகளை அறிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது ஆண் பெண் சமத்துவம் பற்றியதாக இருக்க வேண்டும். இலக்கு முதலில் வந்துவிடுவதால் வருடக் கடைசியில் அதை வைத்தே கேள்வி கேட்க முடிகிறது.

நம்முடைய அறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மத்திய பட்ஜெட் இணையதளத்தில் 'செலவின விவரம்' என்ற தொகுப்பில் 13ஆவது அறிக்கை. திறந்ததும் மொத்தத் தொகைக்குப் போகாதீர்கள். சென்ற வருடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தெந்தத் திட்டம் புதிதாக நுழைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு திட்டத்தைப் பிடித்து, சென்ற ஆண்டு பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் (முதலில் ஒதுக்கியது) திருத்திய மதிப்பீட்டுக்கும் (பிறகு மாற்றியது) எவ்வளவு வித்தியாசம் என்று கழித்துப் பாருங்கள். கால்குலேட்டர்கூடத் தேவைப்படாது.