விமானத்தில் தந்த ஆப்பிளைக் கைப்பையில் போடாதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார், எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. விமானத்தில் கொடுத்த ஆப்பிளை வீணாக்க மனமில்லாமல் பேப்பர் நாப்கினில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இறங்கியதும், "சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்க, ஊறுகாய் கொண்டுவரவில்லையே என்ற நினைப்பில் "நோ" என்றார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒரு பெஞ்சில். எதற்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று தமிழில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் விமானம், கப்பலில் மிஞ்சுகிற சாப்பாடு அமெரிக்கச் சட்டப்படி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குப்பை. சாப்பாடு சுற்றிய உறைகூட அதில் சேரும். மூடிய, கசியாத பெட்டியில் கொண்டுபோய் எரிக்க வேண்டும், இல்லையென்றால் 100 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. 1957இல் லிஸ்பன் விமான நிலையத்துக் கழிவைத் தின்ற பன்றிகளிடமிருந்துதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போர்ச்சுகலுக்குள் நுழைந்தது.

சரி, சட்டம் நியாயமானதுதான். அதை யார் நமக்குச் சொல்கிறார்கள்? விமானத்தில் வரியில்லாச் சாமான் விற்க மூன்று முறை அறிவிப்பு வரும். "தட்டில் இருப்பதைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்" என்று ஒரு முறை சொன்னால் என்னவாம்?

"நீங்கள்தானே கொடுத்தீர்கள்" என்ற வாதம் கவுண்டரில் எடுபடாது. 2018இல் பாரிஸிலிருந்து வந்த ஒரு பெண், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதத்தில் மாட்டினார். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. சொல்லாமல் மறைத்தால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. தடை செய்த பொருளை வைத்திருந்தாலும், கேட்கும்போது "இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மாட்டுவது "இல்லை" என்று சொன்னவர்கள்தான். பக்கத்து சீட்டுப் பையன் சுங்கப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே. பல விமான நிலையங்களில் இப்போது படிவமே தருவதில்லை, வாயால்தான் கேட்கிறார்கள். வாயால் சொன்ன "நோ"வும் கணக்கில் வரும்.

உள்நாட்டு விமானம் மாறிப் போகிறவர்கள் கவனியுங்கள். அடுத்த விமானத்தில் சாப்பிடலாம் என்று எடுத்து வைத்தால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டி சோதனைக்குப் போகும். கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் வரும் என்று அதையும் பறித்துக்கொள்வார்கள்.

பெற்றோரைச் சக்கர நாற்காலியில் அனுப்பும் பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்குள் ஒரு சீட்டு வையுங்கள். "யெஸ், ஐ ஹேவ் ஃபுட்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கேள்வி புரியாவிட்டாலும் அந்தச் சீட்டை நீட்டிவிடலாம்.