ஹெர்ஸ்பெர்க்கின் ‘சுகாதாரக் காரணி’க்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்?

மேலாண்மைப் பாடத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் பெயர் வந்ததும் தவறாமல் எழுதிவிடுகிற சொல் ‘சுகாதாரக் காரணிகள்’. சம்பளம், மேற்பார்வை போன்றவற்றுக்கு அவர் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. பாடக்குறிப்புகளில் இருக்கிறது, பயிற்சி வகுப்பு ஸ்லைடுகளில் இருக்கிறது. அண்மையில் கிண்டியில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு நடந்த ஒரு வகுப்பிலும் காதில் விழுந்தது. “உங்க கம்பெனியில சுகாதாரக் காரணிகள் எப்படி இருக்கு?” என்று பயிற்சியாளர் கேட்டார். முன்வரிசைக்காரர் எழுந்து, “இப்பப் பரவால்ல சார், புது டாய்லெட் கட்டிட்டாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் எந்தக் குறையும் இல்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னார்.

மூலச் சொல் ஹைஜீன். கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவதை ஹைஜியா, மருத்துவக் கடவுள் அஸ்கிளிபியஸின் மகள்; அந்த வழியில் வந்தது. நம் சுகாதாரம், வடமொழியின் சுகமும் ஆதாரமும் சேர்ந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும், வில்லங்கம் அதில் இல்லை.

ஹெர்ஸ்பெர்க் சொன்னது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். அவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் மிகவும் மகிழ்ந்த சமயம் எது, மிகவும் நொந்துபோன சமயம் எது என்பதுதான் கேள்வி. மகிழ்ந்ததற்குச் சாதனை, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவை காரணங்களாக வந்தன. நொந்ததற்கு வந்த காரணங்கள் வேறு: நிறுவனக் கொள்கையும் நிர்வாகமும், மேற்பார்வை, சம்பளம், ஆட்களோடு உறவு, பணியிடச் சூழல். இந்த இரண்டாவது கூட்டத்தைச் சரிசெய்தால் புலம்பல் நிற்கும், ஆனால் உற்சாகம் பிறக்காது என்றார். இந்தக் கூட்டத்துக்குத்தான் மருத்துவத்திலிருந்து ஹைஜீன் என்ற சொல்லைக் கடன் வாங்கினார். குடிநீரில் குளோரின் கலப்பது நோயைத் தடுக்கும், ஆனால் யாரையும் பயில்வான் ஆக்காது. அந்த அளவில்தான் உவமை.

அவர் முதலில் உவமையை விளக்கினார், பிறகு சொல்லை ஆண்டார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் விளக்கத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் தூக்கிவந்துவிட்டார்கள். சென்னையில் சுகாதாரம் என்றால் என்ன நினைவுக்கு வரும்? மாநகராட்சி, சுகாதார ஆய்வாளர், கொசு மருந்துப் புகை, ஓட்டல் சமையலறையில் ரெய்டு. ஹெர்ஸ்பெர்க்கின் பட்டியலில் பணியிடச் சூழல் ஒன்றை வேண்டுமானால் இதற்குள் இழுத்துப் பிடித்து அடக்கலாம். மேலாளர் எரிந்து விழுவதையும், சம்பளம் பத்தாம் தேதி வரை இழுத்தடிப்பதையும் எந்தச் சுகாதார ஆய்வாளரிடம் போய்ச் சொல்வது? ‘சம்பளம் ஒரு சுகாதாரக் காரணி’ என்று மனப்பாடம் செய்கிற மாணவனுக்கு அந்த வரி மந்திரம் மாதிரி. ஒப்பிக்கலாம், புரியாது.

இதற்கு மாற்று என்று தூய தமிழ் அன்பர்கள் ‘நல்வாழ்வுக் காரணிகள்’ என்கிறார்கள். அரசே சுகாதாரத் துறையை மக்கள் நல்வாழ்வுத் துறை என்று எழுதுகிறதே என்பது அவர்கள் வாதம். துறைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். எனக்கும் வடமொழி விலகினால் மகிழ்ச்சிதான். ஆனால் இங்கே விலகியது வடமொழி மட்டுமில்லை, பொருளும் சேர்ந்து ஓடிவிட்டது. சுகாதாரமாவது கேட்பவரைக் குழப்பியதோடு நிறுத்திக்கொண்டது. நல்வாழ்வு நேர் எதிர்ப் பொருளைச் சொல்கிறது. இவை கிடைத்தால் நன்றாக வாழலாம் என்றுதானே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்? இவை கிடைத்தாலும் நொந்துகொள்ளாமல் இருக்கலாம், அவ்வளவுதான் என்று அடித்துச் சொன்னவர் ஹெர்ஸ்பெர்க். அகராதியில் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டு, கோட்பாட்டைப் புரட்டிப் பார்க்காத வேலை இது. தூய்மைக் காரணிகள் என்று எழுதுகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அவர்கள் மறுபடி டாய்லெட்டுக்கே போய்விட்டார்கள்.

‘பராமரிப்புக் காரணிகள்’ கொஞ்சம் யோசித்துச் செய்த சொல். ஆங்கிலத்திலும் மெயின்டனன்ஸ் என்று இவற்றுக்கு இன்னொரு பெயர் உண்டு. ஆனால் அடுக்ககத்தில் மாதாமாதம் கட்டும் பணமும் கம்ப்ரெஸரின் ஆயில் மாற்றமும்தான் பராமரிப்பு என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. எதைப் பராமரிப்பது என்பதும் அதில் தெரிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோட்பாட்டுக்கு வேண்டிய சொல் நம் வாயிலேயே இருக்கிறது. “வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டால், “ஏதோ போகுது சார், ஒரு குறையும் இல்ல” என்கிறார்கள். அதில் மகிழ்ச்சி இருக்கிறதா? இல்லை. புகார் இருக்கிறதா? அதுவும் இல்லை. மனக்குறைக்கு எதிர்ப்பதம் மனநிறைவு இல்லை, மனக்குறை இல்லாமல் இருப்பதுதான் என்று ஹெர்ஸ்பெர்க் பக்கம் பக்கமாக விளக்கியதை நம் ஆள் டீக்கடையில் மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்.

ஆகவே ‘குறைதடுப்புக் காரணிகள்’ என்கிறேன். எதிரே இருப்பவை ‘ஊக்கக் காரணிகள்’. ‘தடுப்பு’ என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வருவதால் அவருடைய மருத்துவ உவமையும் கெடவில்லை. குறைதீர்ப்பு என்று வைக்கலாமே என்று கேட்பார்கள். அது ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிற குறைதீர் நாளாகிவிடும். குறை வந்த பிறகு தீர்ப்பது வேறு, வராமல் பார்த்துக்கொள்வது வேறு.

தீபாவளி போனஸை வைத்துச் சோதித்துப் பாருங்கள். சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம். அது கையில் வந்தால் அம்பத்தூரில் யாரும் கூடுதலாக ஒரு ஆணி அடிப்பதில்லை. வராவிட்டால் கேட்டில் கொடி ஏறிவிடும். போனஸ் ஒரு குறைதடுப்புக் காரணி என்றால் மறு கேள்வி இல்லாமல் புரிகிறது. சுகாதாரக் காரணி என்று சொல்லிப் பாருங்கள்!

நல்ல சொல்லாக்கமும் இல்லாமல் இல்லை. மனிதனின் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டிய உளவியலாளர் மாஸ்லோவின் ‘தேவைகளின் படிநிலை’ அருமையாக நிற்கிறது. ஆனால் அதே படிநிலையின் உச்சிக்கு ‘தன்னை உணர்தல்’ என்று எழுதி, அமெரிக்க உளவியலாளரைத் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தன்னுள் இருக்கும் திறனை முழுதாக வெளிக்கொணர்வது அவர் சொன்னது, கண்மூடி உட்கார்வது இல்லை.

ஊக்கத்தொகை என்ற சொல்லும் உறுத்தத்தான் செய்கிறது. பணம் பெரும்பாலும் குறையைத் தடுக்கும், நீடித்த ஊக்கம் தராது என்ற ஹெர்ஸ்பெர்க்கின் பாடத்தில் அந்தப் பணத்துக்கே நாம் ஊக்கம் என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அதை மாற்றச் சொன்னால் சம்பளப் பிரிவில் யாரும் கேட்கமாட்டார்கள், ஊன்றிவிட்ட சொல். குறைதடுப்பு அப்படி இல்லை, இனிமேல்தான் ஊன்ற வேண்டும். அதுவரை தேர்வு எழுதுகிறவர்கள் முதல் முறை ‘ஹைஜீன் எனப்படும் குறைதடுப்புக் காரணிகள்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லையே தொடரலாம். திருத்துகிறவர் மதிப்பெண்ணைக் குறைக்கக் காரணம் இருக்காது.