மலையகத்துக் குசினிக்கு எந்தப் பாத்திரம்?

கொழும்பில் நாலு விசிலில் பதமாக வெந்துவிடுகிற கடலை, அதே கை, அதே குக்கர், அதே அளவு தண்ணீர் என்று நுவரெலியாவில் வைத்தால் பல்லில் நறுக்கென்று கடிபடும். கடைக்காரர் பழைய கடலையைக் கட்டிக் கொடுத்துவிட்டார் என்போம். குக்கர் சரியில்லை என்போம். புதுப் பாத்திரம் வாங்கவும் கிளம்பிவிடுவோம்.

சார்ல்ஸ் டார்வினுடன் போனவர்களும் பாத்திரத்தைத்தான் குறை சொன்னார்கள். 1835 மார்ச்சில் சிலியிலிருந்து ஆண்டிஸ் மலையைக் கடக்கும்போது, உயரத்தில் ஓர் இடத்தில் இராத்தங்கினார்கள். உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றி, பானையை இரவு முழுக்க நெருப்பிலேயே விட்டு, விடிந்ததும் மறுபடி கொதிக்க வைத்தும் கிழங்கு வேகவில்லை. புதுப் பானை, அதற்குக் கிழங்கை அவிக்க மனமில்லை என்று துணைக்கு வந்த இருவரும் முடிவு கட்டினார்கள். டார்வினுக்குக் காரணம் தெரியும். குற்றம் பானையில் இல்லை, உயரத்தில் இருந்தது.

நம் மலையகம் ஆண்டிஸ் அளவுக்கு உயரமில்லை. ஆனாலும் நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர், ஹட்டன் சுமார் 1,270, கண்டி சுமார் 500. இந்த வித்தியாசம் சமையலில் தெரியும். எனவே இங்கே சமையலுக்குப் பாத்திரம் வாங்குகிறவர், அது எத்தனை பாகை சூடு தரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிறமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் கொதிப்பது என்றால், அதன் ஆவி மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியாக எழுவது. கொழும்பில் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள காற்று அழுத்துகிறது. அதை வெல்லத் தண்ணீர் 100 பாகை செல்சியஸுக்குப் போக வேண்டும். நுவரெலியாவில் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு. அழுத்தம் கொழும்பில் உள்ளதில் சுமார் எண்பது வீதம்தான். அதனால் 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது. ஹட்டனில் 96, கண்டியில் 98. ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொதிக்கத் தொடங்கிய பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அந்த 94-ஐத் தாண்டாது. மிலாறை அள்ளி அள்ளி அடுப்பில் தள்ளினாலும் சரி, காஸை முழுவதும் திறந்து வைத்தாலும் சரி, கூடுதலாகக் கொடுக்கிற சூடெல்லாம் ஆவியாகக் கூரைக்குப் போகும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 ஜூல் போதும். அதையே ஆவியாக்க 2,250 ஜூலுக்கு மேல் வேண்டும். தளதளவென்று கொதிக்கிற சட்டிக்கும் மெல்லக் கொதிக்கிற சட்டிக்கும் உள்ளே சூடு ஒன்றுதான், காசுதான் வேறு. காஸ் விற்கிற விலையில் இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆறு பாகை குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும்? அது என்ன சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சோற்றுக்குப் பெரிய நட்டமில்லை. அரிசி மாச்சத்து 60 முதல் 80 பாகைக்குள்ளேயே தண்ணீரை உறிஞ்சிக் குழைந்துவிடும், 94 தாராளம். முட்டையும் அப்படித்தான், ஒரு நிமிடம் கூட வைத்தால் சரியாகிவிடும். கடலை, கௌபி, உருளைக்கிழங்கு, பீட்ரூட்தான் அடம்பிடிப்பவை. இவற்றில் கலத்தோடு கலத்தை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் மென்மை வரும். அந்த வேலை சூடு குறையக் குறைய மிகவும் மெதுவாகும். பத்துப் பாகை குறைந்தால் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது இதற்குப் பயன்படுகிற ஒரு பொதுக்கணக்கு. அந்தக் கணக்கில், கொழும்பில் திறந்த சட்டியில் ஒரு மணித்தியாலம் எடுக்கிற கடலைக்கு நுவரெலியாவில் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்.

நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் பெக்டினை இறுக்கிப் பிடிப்பதால் அங்கே தட்டையான நிலத்திலும் கடலை வேகப் பஞ்சிப்படும். நம் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அதே மாதிரி புளியும் பெக்டினை இறுக்கும். கொறக்காயோ புளியோ தக்காளியோ போடுகிற குழம்பென்றால், கடலை நன்றாக வெந்து நசிகிற பதம் வந்த பிறகே அவற்றைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டுவிட்டால் பிறகு எந்தக் குக்கராலும் சுலபத்தில் சரிக்கட்ட முடியாது.

இனிக் குக்கர். மேல்நாட்டு வீட்டில் காசு போட்டு வாங்க வேண்டிய முதற்பொருள் இதுதான். 1679-இல் லண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், இறுக மூடிய பானைக்குள் ஆவியை அடைத்து எலும்பைக்கூட மென்மையாக்கிக் காட்டினார். பானை வெடித்துவிடாமல் இருக்க, அளவு மீறிய ஆவியைத் தானாக வெளியேற்றும் வால்வையும் அவரே செய்தார். நம் குக்கர் மூடியில் உட்கார்ந்திருக்கும் வெயிட் அந்த வால்வின் பேரப்பிள்ளை.

அந்த வெயிட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு குழி இருக்கும். அது மூடியில் நிற்கும் சின்னக் குழாயின் வாயில் போய் உட்காரும். உள்ளே ஆவி சேரச் சேர அந்த வாயை முட்டித் தள்ளும். வாய் மிகச் சிறியது என்பதால் கையடக்கமான எடையே அதை அடைத்து வைக்கப் போதும். வழக்கமான வீட்டுக் குக்கரில் வெளிக் காற்றைவிடச் சதுர சென்றிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாக அழுத்தம் சேர்ந்ததும் வெயிட் எழும்பி, உஸ்ஸென்று ஆவியை விட்டு, மறுபடி உட்காரும். அதுதான் விசில்.

“வெளிக் காற்றைவிட” என்பதைக் கவனியுங்கள். வெயிட் தன் எடையோடு வெளியே அழுத்தும் காற்றையும் சேர்த்துத்தான் ஆவியைத் தடுக்கிறது. கொழும்பில் இரண்டும் சேர்ந்து உள்ளே தண்ணீரை 120 பாகைக்கு ஏற்றும். நுவரெலியாவில் வெளிக் காற்று இளைத்திருப்பதால் அதே குக்கர் 117-இல் விசில் அடித்துவிடும். குக்கர் உயரத்தின் குறையை முழுவதும் நீக்குவதில்லை, பாதியாக்குகிறது. ஆனாலும் திறந்த சட்டியின் 94 எங்கே, 117 எங்கே! மேலே சொன்ன பொதுக்கணக்கில் இருபத்திமூன்று பாகை என்றால் நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றரை மணித்தியாலக் கடலை இருபது நிமிடத்துக்குள் வருகிறது.

நாலு விசில் ஏன் போதவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மூன்று பாகை குறைவதால் நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட வேண்டும். அதைவிட முக்கியமானது, விசிலை எண்ணுவதே நம்பத்தக்க அளவு இல்லை. நெருப்பு கூடினால் விசில் அடுத்தடுத்து வரும், குறைந்தால் ஆடி அசைந்து வரும். உள்ளே சூடு இரண்டிலும் ஒன்றுதான். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறுதீயாக்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துச் சமைக்கப் பழகினால் காஸும் மிஞ்சும், கடலையும் ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து லீற்றர் போதும். பருப்பு வகை நுரைத்துப் பொங்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, அந்தப் பாதியையும் கணக்கில் வைத்து வாங்குங்கள். அடி தடிப்பாக, ஆடாமல் உட்கார வேண்டும். அலுமினியம் சூட்டைப் பரப்பும் வேகம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் அடியில் அலுமினியத் தட்டு வைத்துச் செய்ததாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு படுகிற வட்டத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். அலுமினியத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டு மறுநாள்வரை விடாதீர்கள், புளி அதை அரிக்கும்.

விறகடுப்பில் சமைக்கிறவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். லயத்துக் குசினியில் தீ பாத்திரத்தின் அடியோடு நிற்பதில்லை, பக்கத்தைச் சுற்றி ஏறும். கைப்பிடி கருகுவதும், விளிம்பிலிருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகுவதும் அதனால்தான். அடுப்பு வாயை மூடி உட்காரக்கூடிய அகன்ற அடியுள்ள குக்கர் நல்லது. விசில் வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் விட்டுவிடலாம். சிறுதீ என்று சொல்கிற வேலையைத் தணல் அருமையாகச் செய்யும்.

இருபது சென்றிமீற்றர் அகலமுள்ள மூடியின் பரப்பு முந்நூறு சதுர சென்றிமீற்றருக்கு மேல். சதுர சென்றிமீற்றருக்கு ஒரு கிலோ என்றால், கொதிக்கும்போது அந்த மூடியை உள்ளிருந்து தள்ளுவது முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை. அதனால்தான் ஆவி அடங்காமல் மூடியை இழுக்கக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். மூடியை விளிம்புக்குக் கீழே செருகிப் பூட்டுகிற வகைக் குக்கரில், ஆவியே மூடியை மேலே தள்ளி இறுக்கிப் பிடிக்கும், அடங்கும்வரை திறக்கவே வராது. பிள்ளைகள் சமைக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அவசரமென்றால் மூடிமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், ஆவி தண்ணீராகி அழுத்தம் இறங்கிவிடும்.

சமைப்பதற்கு முன்பு மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தச் சின்னக் குழாயினூடாகப் பாருங்கள். மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பருப்புத் தோல் ஒட்டியிருந்தால்கூட வெயிட் வேலை செய்யாமல் போகலாம். அப்படிப் போனால் காப்பாற்றுவதற்குத்தான் மூடியில் இன்னொரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தால் செய்த அடைப்பு அது. சூடு எல்லை மீறினால் உருகி ஆவிக்கு வழிவிடும். அது ஒருமுறை உருகிவிட்டால் அதே மாதிரிக்குரிய புதியதையே போட வேண்டும். ஆணியைச் செருகி அடைத்துச் சமைக்கிற வீடுகளைக் கண்டிருக்கிறேன், நெஞ்சு பதறும். வெயிட்டும் அப்படித்தான், வேறு குக்கருடையதை மாற்றிப் போட்டால் அழுத்தக் கணக்கே மாறிப்போகும்.

ரைஸ் குக்கர் என்ற பெயரில் குக்கர் இருந்தாலும் வழக்கமான ரைஸ் குக்கர் அழுத்தத்தில் சமைப்பதில்லை. அதன் அடி நடுவே வில்லோடு அமுங்குகிற ஒரு வட்டம் இருக்கிறதே, அதற்குள் காந்தமும் ஒரு விசேஷ உலோகக்கலவையும் இருக்கும். 100 பாகையைச் சற்றுத் தாண்டியதும் அந்தக் கலவை காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் அரிசியில் ஏறிய பிறகுதான் அடி சூடேறி, காந்தம் விட்டு, டக்கென்று அணைகிறது. இது நுவரெலியாவிலும் ஒழுங்காக வேலை செய்யும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அணைந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் போதும். கடலையை மட்டும் அதில் போடாதீர்கள். நுவரெலியாவில் அது 94 பாகைச் சட்டிதான்.

தண்ணீருக்கு மலை போட்ட கட்டுப்பாடு இரும்புக்கு இல்லை. ரொட்டிக்கல் கொழும்பில் காய்வதுபோலவே இங்கும் 200 பாகைக்குக் காயும். ரொட்டியில் பொன்னிறப் புள்ளிகளும் மணமும் வர 140 பாகைக்கு மேல் வேண்டும், அதைத் தருவது கல்லும் எண்ணெயும்தான். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ஈரமான கோதுமை மாவைப் போட்டதும் கல்லின் சூடு சட்டென்று இறங்கும். தடித்த இரும்பில் சேர்ந்திருக்கும் சூடு அதிகம், அதனால் சீக்கிரம் மீண்டுவிடும். ஒரே பருமனுள்ள இரும்பும் அலுமினியமும் ஒரே அளவு காய்ந்திருந்தால் இரும்பிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு இருக்கும். மெல்லிய நொன்ஸ்டிக் சட்டியில் இரண்டாவது ரொட்டி வெளுத்துப்போவது இதனால்தான். நொன்ஸ்டிக் பூச்சு 260 பாகையளவில் கெடத் தொடங்கும் என்பதால் அதை வெறுமனே காயவும் வைக்க முடியாது.

கல் காய்ந்ததா என்று ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். பாதிச் சூட்டில் சொட்டு பரவிச் சீறி மறையும். நன்றாகக் காய்ந்த கல்லில் அது உருண்டு திரண்டு, மறையாமல் அங்குமிங்கும் ஓடும். சொட்டின் அடிப்பக்கம் பட்டவுடன் ஆவியாகி, அந்த ஆவிமேல் மீதிச் சொட்டு மிதப்பதுதான் அது. 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார். சொட்டு ஓடத் தொடங்கியதும் தீயைச் சற்றுக் குறைத்து ரொட்டியைப் போடுங்கள். தடித்த ரொட்டியின் நடுவில் இருப்பதும் 94 பாகையில் நிற்கிற தண்ணீர்தான். வெளியே சிவக்கும் வேகத்தில் உள்ளே வேகாது, ஆகவே பொறுமையான தீ வேண்டும். பனிமூட்டக் காலத்தில் இரும்பு ஒரே இரவில் துருவேறும். கழுவியதும் அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மண்சட்டி கொறக்காய் போட்ட மீன் குழம்புக்கு இன்றும் சிறந்தது, புளி அதை ஒன்றும் செய்யாது. தேயிலைக்குக் கேத்தல் எதுவானாலும் தண்ணீர் 94-தான், பிளேன்டீ சாயம் இறங்கக் கொஞ்சம் கூட நேரம் கொடுத்தால் போதும்.

இன்னும் ஒரு சின்னச் சாமான் வாங்கலாம்: சமையல் வெப்பமானி. கொதிக்கிற தண்ணீரில் அதை அடியில் முட்டாமல் பிடித்தால் உங்கள் வீட்டுக் கொதிநிலை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் மலைகளின் உயரத்தை இப்படித்தான் அளந்தார்கள். 98 காட்டினால் கண்டி உயரத்தில் இருக்கிறீர்கள், 96 என்றால் ஹட்டன். நூறிலிருந்து எத்தனை பாகை குறைகிறதோ, கொழும்பு ஆட்கள் சொல்லும் குக்கர் நேரத்தில் பாகைக்கு மூன்று நான்கு வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் பதினைந்து நிமிடக் கடலைக்குப் பதினெட்டு நிமிடம் வரும்.