ஐந்து லிட்டர் ரத்தம், ஒரு நாள் பங்கீடு

மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். காலையில் போட்டபோது அந்த இறுக்கம் தெரிந்திருக்காது. நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருந்ததில் கால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, ரத்தத்திலிருந்து கொஞ்சம் நீர் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிந்திருக்கிறது.

வளர்ந்த ஒருவர் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம்தான். எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் முழுசாக விரிந்தால் இது போதவே போதாது. ஆகவே நேரத்துக்கு ஏற்பப் பங்கு மாறுகிறது. பங்கு பிரிப்பவை நுண்தமனிகள், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் மெல்லிய கடைசிக் கிளைகள். ஒவ்வொன்றின் சுவரிலும் தசை வளையம் உண்டு. அது இறுகினால் மடை அடைபடும், தளர்ந்தால் திறக்கும். குழாயின் ஆரம் பாதியானாலே ஓட்டம் 16-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் இந்தத் தசைகளின் சிறு அசைவுக்கே அவ்வளவு பலன்.

நாளின் மிகக் கடினமான கட்டம் என்று நான் சொல்வது, படுக்கையை விட்டு எழும் அந்த முதல் அரை நிமிடத்தை. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது, அழுத்தம் சரிகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதைப் பிடித்து மூளைக்குச் சொல்ல, சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கிறது, கீழ்ப்பகுதிக் குழாய்கள் இறுகுகின்றன. இது கொஞ்சம் தாமதித்தால்தான் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வயதானவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

விழிக்கும் நேரத்தையொட்டி இன்னொன்றும் நடக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எளிதாக ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. மாரடைப்பு காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் அதிகம் வருவதற்கு இதெல்லாம் காரணம் என்று கருதப்படுகிறது.

சாப்பிட்ட பிறகு குடலுக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ‘மூளைக்குப் போகிற ரத்தம் வயிற்றுக்குப் போய்விடுகிறது, அதான் தூக்கம்’ என்று பலரும் சொல்வார்கள். அது சரியான விளக்கம் இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் என்ற தன் பங்கை மூளை எளிதில் விட்டுக்கொடுக்காது. ஓடும்போதும் அப்படித்தான். இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை இறைக்க, அதில் பெரும்பகுதியைத் தசைகள் வாங்கிக்கொள்ளும். குடலும் சிறுநீரகமும்தான் குறைத்துக்கொள்ளும்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாளில் அந்தக் காலுறைத் தடம் ஆழமாகத் தெரிவது இதனால்தான்.

அப்புறம் இரவு. தூக்கம் நெருங்கும்போது கை கால்களின் தோலில் மடைகள் திறக்கின்றன. உள்ளங்கையும் பாதமும் கதகதப்பாகின்றன, அந்த வழியாக உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. பாதம் சில்லென்றிருந்தால் தூக்கம் தள்ளிப்போவது இதனால்தான். தூங்கிய பின் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குகிறது.

படுத்ததும் காலில் தேங்கிய நீர் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது. கால் வீக்கம் உள்ளவர்கள் நடு இரவில் எழுந்து கழிவறைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். விடிவதற்குள் கணுக்காலில் இருந்த தடம் மறைந்திருக்கும்.