மெனிஞ்சைடிஸ் – மூளையுறை அழற்சி

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வைக் குறிக்கும் 'மெனிங்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு 'ஐடிஸ்' என்னும் ஈறு சேர்ந்து பிறந்ததே மெனிஞ்சைடிஸ். கிரேக்கத்தில் 'சார்ந்தது' என்று மட்டுமே பொருள்பட்ட அந்த ஈறு, மருத்துவ வழக்கில் அழற்சியைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது.

தமிழில் பலரும் இதை 'மூளைக்காய்ச்சல்' என்கிறார்கள். மூளைத் திசுவையே தாக்கும் என்செபாலிடிஸுக்கும் அதே பெயர் வழங்குகிறது. 'ஜப்பானிய மூளைக்காய்ச்சல்' அவ்வகை நோய்தான். எனவே முன்னதை மூளையுறை அழற்சி என்றும் பின்னதை மூளை அழற்சி என்றும் பிரித்துச் சொல்வதே முறை. 'அழல்' என்றால் தீ. கிருமி நுழைந்த இடத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் மூட்டும் வெப்பமும் வீக்கமும் வலியுமே அழற்சி. அது உடலின் எதிர்வினையே தவிர, கிருமியின் செயல் அன்று.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் நோயின் இரு முகங்கள் விளங்கும். எச்.ஐ.வி. இல்லாத பெரியவர்களை நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தாக்கும்போது, கடும் தலைவலி, காய்ச்சல், தாடையை மார்பில் தொடவிடாத கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை பெரும்பாலும் ஓரிரு நாள்களுக்குள்ளேயே வந்துவிடும். 2004-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் மனநிலை மாற்றமும் ஒருங்கே இருந்தவர்கள் 44 விழுக்காட்டினரே. ஆனால் தலைவலியையும் சேர்த்த நான்கில் குறைந்தது இரண்டேனும் 95 விழுக்காட்டினரிடம் இருந்தன.

எச்.ஐ.வி. முற்றி, எதிர்ப்பாற்றலை இயக்கும் சி.டி.4 வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 100-க்கும் கீழே இறங்கியவர்களிடம் பெரிதும் காணப்படுவது கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சி. காசநோய்க் கிருமியையும் மறந்துவிடக் கூடாது. கிரிப்டோகாக்கஸ் தாக்கும்போது தலைவலி வாரக்கணக்கில் மெல்ல வளர்கிறது. கழுத்து விறைப்பு பெரும்பாலோரிடம் இல்லை. சிலரிடம் காய்ச்சல்கூட இராது. சோர்வு, வாந்தி, இரட்டைப் பார்வை என்று வருபவரை 'காய்ச்சல் இல்லையே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்மையானது. 'மூளைக்காய்ச்சல்' என்ற பெயரை நான் ஏற்காததற்கு இது இன்னொரு காரணம்.

இவர்களின் முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரில் வெள்ளணுக்கள் மிகக் குறைவாக, சில வேளை இயல்பான அளவிலேயே இருக்கும். அதே நீரில் ஒரு துளி இந்திய மையைக் கலந்து நுண்ணோக்கியில் வைத்தால், கறுத்த பின்புலத்தில் ஒளிவட்டம் சூழ்ந்த உருண்டைகளாகப் பூஞ்சை ஏராளமாகத் தென்படும். கிருமி பெருகியிருக்க, அதை எதிர்க்கும் அழல் அவிந்துகிடக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் மட்டும் ஏறிப் பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதால், அந்த நீரை மீண்டும் மீண்டும் வடிப்பதும் சிகிச்சையின் பகுதியாகிறது.

எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்கினால், மீண்டெழும் எதிர்ப்பாற்றல் அடங்கியிருந்த அழற்சியைத் திடீரென மூட்டி உயிருக்கே கேடாகலாம். ஆகவே பூஞ்சைக்கு மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரங்கள் கழித்தே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குகிறார்கள்.