'பிளாக்': கூட்டணியா, கூட்டமைப்பா?

"வியட்நாம் 1995-இல் ஆசியான் கூட்டணியில் சேர்ந்தது." மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி. ஆசியான் என்பது தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பு. படிப்பவர் என்ன நினைப்பார்? வியட்நாம் அணி மாறிவிட்டது என்றுதானே? நடந்தது அதுவல்ல.

ஆங்கில மூலத்தில் 'கூட்டணி' என்ற இடத்தில் இருப்பது 'பிளாக்' (bloc). பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் பழைய டச்சில் அடிமரக் கட்டை என்று பொருள். சரி, திரண்டு ஒன்றாக நிற்பது, அவ்வளவுதான்.

கூட்டணி அப்படியல்ல. கூட்டு, அணி இரண்டும் அருமையான தமிழ்ச் சொற்கள். பொருத்தும் இடம்தான் தப்பு. அணி என்றால் வரிசை, படை வகுப்பு. அணிவகுப்பு என்கிறோம், எதிரணி என்கிறோம். தேர்தலில் ஒரு கூட்டணி என்றாலே எதிரே இன்னொன்று நிற்கும். 1954-இல் மணிலாவில் உருவான சியாட்டோ என்ற படை ஒப்பந்த அமைப்பைத் தாராளமாகக் கூட்டணி என்று எழுதுங்கள்; கம்யூனிசத்தைத் தடுக்கவென்றே அமைத்தது அது. அதிலிருந்த தாய்லாந்தும் பிலிப்பைன்சும் வியட்நாம் போரில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக, தென் வியட்நாமுக்குப் படை அனுப்பின. அதே இரு நாடுகளும் வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து 1967-இல் தொடங்கிய ஆசியானில்தான், 1995 ஜூலை 28 அன்று, கம்யூனிஸ்ட் ஆட்சி மாறாமலே வியட்நாம் உறுப்பினரானது. இடையில் கம்போடியாவுக்குள் வியட்நாம் படை புகுந்தது, ஆசியான் அதை ஐ.நா.வில் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது, 1989-இல் படை திரும்பியது, 1991-இல் கம்போடியச் சிக்கலைத் தீர்க்கப் பாரிஸ் உடன்பாடு வந்தது. அப்புறம் 1992-இல், ஆசியான் நாடுகள் 1976-இல் பாலியில் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தத்தை வியட்நாமும் ஏற்றது. அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடாதே, பூசலைப் பேசித் தீர் என்கிறது அந்த ஒப்பந்தம். ஒருவரைத் தாக்கினால் எல்லோரும் போருக்கு வரவேண்டும் என்ற விதி அதில் கிடையாது. பழைய பகைவனை உள்ளே அழைத்து உட்காரவைத்த ஏற்பாட்டுக்குப் படைவரிசையின் பெயரா?

வட்டாரக் கூட்டமைப்பு என்பதே பொருந்தும். இலங்கையில் கட்சிகளின் கூட்டுக்கும் கூட்டமைப்பு என்று பெயருண்டே என்பார்கள். உண்டு, ஆனால் 'வட்டார' என்று முன்னால் வந்துவிட்டால் யாரும் குழம்பப்போவதில்லை. 'பிராந்திய' வேண்டாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வட்டாரம் என்றே எழுதுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்துவைத்துவிட்டு நகர்வதுதான் எனக்கு வருத்தம். "வியட்நாம் ஆசியானுடன் இணைக்கப்பட்டது" என்றுகூட எழுதுகிறார்கள். பிடித்த நிலத்தை நாட்டோடு சேர்ப்பதையும் இணைப்பு என்றுதானே சொல்கிறோம்? வியட்நாம் தானே கேட்டு வந்தது. 'சேர்ந்தது' போதும்.