பிராங்க்: முரடு என்றே பெயர் வாங்கிய குதிரை

அமெரிக்க மாடு மேய்ப்பவர்களின் திறமைப் போட்டியான ரோடியோவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது 'பிராங்க்' என்ற சொல்தான். பலர் 'காட்டுக்குதிரை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது தப்பு.

பிராங்க் என்பது பிராங்கோவின் சுருக்கம். ஃபோர்டு வண்டியின் பெயரில் இருப்பதும் இதே பிராங்கோதான். மூலம் ஸ்பானிஷ். அங்கே அதற்குக் கரடுமுரடானது, சொரசொரப்பானது என்று பொருள். மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்கள் பழக்கப்படாத குதிரையை இப்படி அழைக்க, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. இன்னும் பின்னால் போனால், மரத்தின் கணுவைக் குறித்த சொல்லாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. நம் 'முரடு' என்ற சொல்லுக்கும் மரக்கணு என்றொரு பொருள் உண்டு. மரத்தின் முடிச்சிலிருந்து அடங்காத குணத்துக்கு இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் வந்திருக்கின்றன. முரட்டுக் குதிரை என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது.

சரி, காட்டுக்குதிரை ஏன் கூடாது? உரிமையாளர் இல்லாமல் வெட்டவெளியில் திரிவதற்கு மஸ்டாங் என்று தனிப்பெயர் இருக்கிறது. இன்றைய ரோடியோ பிராங்குகளோ பெரும்பாலும் திமிறுவதற்கென்றே இனம் பார்த்து வளர்க்கப்பட்டவை. ஒரு சவாரிக்கு மொத்தம் 100 புள்ளி என்றால் அதில் 50 குதிரை திமிறும் அழகுக்கு! சாதுவான குதிரை வாய்த்தால் சவாரிக்காரர் பாடு திண்டாட்டம்.

அடுத்தது 'பேர்பேக்'. பிராங்க் மேல் சேணமில்லாமல் ஏறும் ரோடியோ பிரிவு இது. 'வெற்று முதுகு' என்று எழுதினால் சட்டை போடாத சவாரிக்காரர்தான் கண்முன் வருவார். உண்மையில் குதிரையின் முதுகும் முழுக்க வெறுமை இல்லை. சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) கடிவாளமும் இல்லை, அவ்வளவுதான். முன்முதுகில் ஒரு தோல் பட்டை, அதில் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒரு பிடி. ஏர்ல் பாஸ்கம் 1924இல் உருவாக்கிய ஒற்றைக்கைப் பிடியின் வாரிசு அது. கையுறையில் குங்கிலியம் தேய்த்து ஒரு கையை அதில் இறுக்கிச் செருகிக்கொள்வார்கள். மறு கை குதிரைமேல் பட்டால் போச்சு. குதிரையை அடைத்துவைத்த கூண்டின் கதவு திறந்ததும், முதல் துள்ளலில் குதிரையின் முன்னங்கால் தரையில் ஊன்றும் நேரத்தில், சவாரிக்காரரின் குதிகால்கள் அதன் தோளுக்கு மேலே இருக்கவேண்டும். இல்லையென்றால், விழாமல் இருக்கவேண்டிய 8 விநாடியைத் தாக்குப்பிடித்தும் புள்ளி கிடையாது. விழும்போது கை பிடியிலிருந்து விடுபடாமல் சிக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

இந்த 8 விநாடிகளை வைத்தே வாழ்க்கையைக் கட்டியவர் யூட்டா மாநிலத்தின் கேசி ஃபீல்ட். அப்பா லூயிஸ் ஃபீல்ட் 1985, 1986இல் இதே பிரிவில் உலகச் சாம்பியன். மகன் 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வாங்கினார். அப்புறம் ஐந்து ஆண்டுகள் பட்டம் இல்லை. 2020இல் ஐந்தாவதை வாங்கி, தலா ஐந்து பட்டம் வாங்கியிருந்த ஜோ அலெக்சாண்டர், புரூஸ் ஃபோர்டு இருவரையும் எட்டினார். 2021இல் ஆறாவது. இந்தப் பிரிவில் வேறு யாரும் அதுவரை தொடாத எண்ணிக்கை.

பழந்தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு. புறநானூறு பேகனை 'கலிமான் பேக' என்று விளிக்கிறது. கலிமான் என்றால் செருக்கும் துள்ளலும் உள்ள குதிரை. எனக்கு ஆசைதான். ஆனால் இன்று அப்படி எழுதினால், ஃபீல்ட் மான் மேல் ஏறினார் என்றே படிப்பார்கள்.

ஆகவே 'சேணமில்லா முரட்டுக்குதிரைச் சவாரி' என்பதே என் பரிந்துரை. நீளம்தான். ஆனாலும் 'சேணமில்லா' என்பதை வெட்டிவிடாதீர்கள். சேணம் பூட்டிய முரட்டுக்குதிரைச் சவாரி என்று ரோடியோவில் தனியாக இன்னொரு போட்டி இருக்கிறது.